எண்ணி முடித்தாயிற்று, இதயம் இளகியதா?



போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஒரு பள்ளிவாசலில் சண்டை. தஸ்பீஹ் மணியை உருட்டி திக்ரு செய்யலாமா, விரலில்தான் எண்ண வேண்டுமா என்று. ஒருவர் 'பித்அத்' என்றார். மற்றவர் 'நீ என்ன பெரிய ஆலிமா?' என்றார். குரல் ஏறிக்கொண்டே போனது. அந்த நேரம் பார்த்து வாசலில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து நின்றார். 'வழியை மறிக்காதேம்மா, அந்தப் பக்கம் போ' என்று விரட்டினார் அந்த இருவரில் ஒருவர். மற்றவர் அதைத் தடுக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடே இல்லை!

விரட்டியவர் மணிக்காரரா, விரல்காரரா என்று கேட்காதீர்கள். என் கேள்வி இருவருக்கும் சேர்த்துத்தான். இப்போதுதானே நூறு தடவை நினைத்தீர்கள்? யாரை நினைத்தீர்கள்?

திக்ரு என்றால் நினைவு. நாவால் சொல்வது அந்த நினைவுக்கு வாசல், அவ்வளவுதான். நாம் நினைப்பது யாரை? குர்ஆனின் 114 அத்தியாயங்களில் 113 'பிஸ்மில்லாஹ்'வோடு தொடங்குகின்றன. அதில் அல்லாஹ் தன்னை அறிமுகப்படுத்தும் இரண்டு பெயர்களும், ரஹ்மான், ரஹீம், கருணையைக் குறிப்பவை. தாயின் கருவறைக்கு அரபியில் சொல்லப்படும் 'ரஹிம்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்ததுதான். இப்படிப்பட்டவனை தினமும் நினைக்கிற உள்ளம் கல்லாகவே இருக்கிறது என்றால், அது வேறு எதையோ நினைத்துக்கொண்டிருக்கிறது என்றுதானே பொருள்?

'திக்ரு வணக்கம், ஏழைக்கு உதவுவது சமூக சேவை, இரண்டையும் குழப்பாதே' என்பார்கள் சிலர். குழப்புவது நானல்ல. 63வது அத்தியாயத்தில் 9வது வசனத்தைப் பாருங்கள். செல்வமும் பிள்ளைகளும் உங்களை இறைநினைவிலிருந்து திருப்பிவிட வேண்டாம் என்கிறது. உடனே 10வது வசனம் என்ன சொல்கிறது? மரணம் வருமுன் கொடுங்கள் என்கிறது. நினைவுக்கும் ஈகைக்கும் நடுவே அங்கே மூன்றாவது பேச்சே இல்லை.

107வது அத்தியாயமான 'அல்மாஊன்' இன்னும் கடுமையானது. ஏழே வசனங்கள். மார்க்கத்தைப் பொய்யாக்குபவன் யார் என்று கேட்டு, அநாதையை விரட்டுபவனைக் காட்டுகிறது. பிறகு தொழுகையாளிகளுக்கே கேடு என்கிறது! யாருக்கு? தொழுகையில் கவனமற்று, ஊருக்குக் காட்டித் தொழுது, சின்னச் சின்ன உதவியைக்கூடத் தடுப்பவர்களுக்கு. நம்மில் பலருக்கு இந்த அத்தியாயம் மனப்பாடம். சிறியது என்பதால் அவசரத் தொழுகையில் ஓதுகிறோம். ஓதிவிட்டு வெளியே வந்து விரட்டுகிறோம்.

அப்படியானால் திக்ரு எதற்கு, நேரே உதவி செய்துவிட்டுப் போகலாமே என்று கேட்கும் நண்பர்களும் எனக்கு உண்டு. அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நம் இரக்கத்தின் லட்சணம் நமக்குத் தெரியாதா? நம்மைப் போல இருப்பவர் மேல் வரும். நன்றி சொல்பவர் மேல் வரும். இரண்டு தடவை கேட்டால் சலித்துவிடும். 76வது அத்தியாயம் புகழும் மனிதர்களோ ஏழைக்கும் அநாதைக்கும் மட்டுமல்ல, கைதிக்கும் உணவளிக்கிறார்கள். பதிலுக்கு ஒரு நன்றியைக்கூட எதிர்பார்க்காமல், அல்லாஹ்வுக்காக. நன்றி வராத இடத்திலும் கை நீள வேண்டுமென்றால், மனம் வேறொருவனை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். திக்ரு செய்கிற வேலை அதுதான்.

நாம் சண்டை போடும் அந்த எண்ணிக்கைக்கே ஒரு வரலாறு உண்டு. மாவு அரைத்து அரைத்துக் கை காய்த்துப்போன ஃபாத்திமா (ரலி), தந்தையிடம் ஒரு பணியாளரைக் கேட்கப் போனார்கள். நபி (ஸல்) அவர்கள் பணியாளரைக் கொடுக்கவில்லை. படுக்கும்போது 33 தடவை ஸுப்ஹானல்லாஹ், 33 அல்ஹம்துலில்லாஹ், 34 அல்லாஹு அக்பர் சொல்லும்படி கற்றுக்கொடுத்தார்கள். பள்ளிவாசல் திண்ணையில் பசியோடு கிடந்த ஏழைகளை விட்டுவிட்டு உங்களுக்குத் தர முடியாது என்று சொன்னதாகவும் ஓர் அறிவிப்பில் வருகிறது. யோசித்துப் பாருங்கள். பெற்ற மகளின் வலியும் ஊர் ஏழைகளின் பசியும் எதிரெதிரே நின்ற வீட்டில் சொல்லிக்கொடுக்கப்பட்ட திக்ரு அது. அதை எதில் எண்ணுவது என்பதற்காகவா நாம் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கிறோம்?

இமாம் கஸ்ஸாலி அல்லாஹ்வின் திருநாமங்களைப் பற்றி எழுதிய நூலில், ஒவ்வொரு பெயரிலும் அடியானின் பங்கு என்ன என்று சொல்லிக்கொண்டே போவார். 'ரஹீம்' என்ற பெயரில் நம் பங்கு? தேவையோடு வருபவரை முடிந்தவரை வெறுங்கையோடு அனுப்பாதிருப்பது. பணமில்லையா, செல்வாக்கால் உதவு. அதுவும் இல்லையா, அவருக்காக துஆ செய், அவர் துயரத்தில் பங்கெடு. இதில் எதுவுமே முடியாத மனிதர் நம்மில் யார்?

எனவே சகோதரர்களே, மணியில் எண்ணுங்கள், விரலில் எண்ணுங்கள், அதை ஆலிம்கள் பார்த்துக்கொள்ளட்டும். எண்ணி முடித்துவிட்டு எழும்போது ஒரு தடவை வாசலைப் பாருங்கள். அங்கே நிற்பவரிடம் உங்கள் குரல் எப்படி வருகிறது என்று கவனியுங்கள். உங்கள் திக்ரு எங்கே போய்ச் சேர்ந்தது என்பது அப்போது தெரிந்துவிடும்.

அன்று அந்தப் பெண் போன பிறகுதான் எனக்கும் இதெல்லாம் தோன்றியது. வேடிக்கை பார்த்தவர்களில் நானும் ஒருவன். அல்லாஹ் என்னையும் மன்னிப்பானாக.

வஸ்ஸலாம்.