ரோபோ சண்டையை நிறுத்திவிட்டு அப்பாவிடம் பேசிய பையன்

சாயங்கால நேரத்தில் களியக்காவிளையிலிருந்து குழித்துறைப் பக்கமோ, எல்லை தாண்டிப் பாறசாலைப் பக்கமோ போகும் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு போனுக்குள் தலையைக் கவிழ்த்திருப்பார்கள். சிலருடைய திரையில் ஜப்பானிய அனிமே ஓடிக்கொண்டிருக்கும். 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேஸில்’ தமிழ்க் குரலோடு தியேட்டருக்கே வந்துவிட்டது.

“பதினாறு வயசாச்சு, இன்னும் பொம்மைப் படமா?” என்று கேட்காத வீடு குறைவு. அப்படிக் கேட்கும் பெற்றோர் ஒரே ஒரு தொடரின் கதையையாவது தெரிந்துகொண்டால் நல்லது. அதன் பெயர் ‘நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்’. கிரேக்க மொழியில் எவாஞ்சலியன் என்றால் நற்செய்தி. தெருவுக்குத் தெரு தேவாலயம் உள்ள விளவங்கோடு பக்கம் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

இயக்குநர் ஹிதேயாகி அன்னோ. 1995 அக்டோபரில் ஜப்பான் டி.வி.யில் தொடங்கி 26 வாரம் ஓடியது. கதை நடப்பது அன்றைக்கு எதிர்காலமாக இருந்த 2015-ல். உலகில் பாதிப் பேர் அழிந்துபோன பிறகு, ‘தேவதூதர்கள்’ என்று அழைக்கப்படும் ராட்சத எதிரிகள் வருகிறார்கள். அவர்களோடு மோத மலைபோல் உயர்ந்த இயந்திரங்கள் இருக்கின்றன. அவற்றை ஓட்ட 14 வயதுப் பிள்ளைகள்தான் வேண்டும்.

அவர்களில் ஒருவன் ஷின்ஜி. அவனுடைய அம்மா அவன் சிறுவனாக இருந்தபோதே ஓர் ஆராய்ச்சியில் போய்விட்டாள். அப்பா கெண்டோ அவனை வேறொருவர் வீட்டில் விட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். பல வருஷம் கழித்து ஒரு நாள் கூப்பிடுகிறார். ஓடி வரும் மகனிடம், “இயந்திரத்தில் ஏறு, இல்லையென்றால் திரும்பிப் போ” என்கிறார். மொத்தத் தொடரும் அந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

இந்தக் கதைக்கு ஒரு முடிவு கிடைக்க 25 வருஷத்துக்கு மேல் ஆனது. 1996 மார்ச்சில் வந்த கடைசி இரண்டு பகுதிகளில் ரோபோ சண்டையே இல்லை. பையனின் மனதுக்குள் நடக்கும் கேள்வி பதில்தான். சண்டையை எதிர்பார்த்திருந்த ரசிகர்கள் பலர் கொதித்துப் போனார்கள். 1997-ல் சினிமாவாக வேறொரு முடிவு வந்தது. அது பார்த்தவர் தூக்கத்தைக் கெடுக்கும் முடிவு. 2007-ல் அன்னோ கதையை முதலிலிருந்து நான்கு சினிமாக்களாக மறுபடி சொல்லத் தொடங்கினார். 2012-ல் மூன்றாவது படம் வந்ததும் மன அழுத்தத்தில் விழுந்ததாக அவரே பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். கொரோனாவும் குறுக்கே வந்தது. கடைசிப் பாகம் ஜப்பானில் வெளியான நாள் 2021 மார்ச் 8. 1,000 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. அதே ஆகஸ்டில் அமேசான் பிரைம் வழியாக மற்ற நாடுகளுக்கும் வந்தது.

இனி வருவது அந்த முடிவு. படம் பார்க்க நினைப்பவர்கள் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிவிடலாம்.

155 நிமிடப் படத்தில் ஒரு பெரிய பகுதி கிராமத்தில் நடக்கிறது. அழிவிலிருந்து தப்பியவர்கள் வயலில் இறங்கி நாற்று நடுகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் உருவான ஒரு பெண் அந்தக் கிராமத்தில் காலை வணக்கமும் நன்றியும் சொல்லக் கற்றுக்கொள்கிறாள். நாஞ்சில் நாட்டு வயல்வரப்பில் நடந்து வளர்ந்த பாட்டிமார்கூட உட்கார்ந்து ரசிக்கக்கூடிய காட்சிகள் இவை.

பிறகு அப்பாவும் மகனும் ஆளுக்கொரு ராட்சத இயந்திரத்தில் மோதுகிறார்கள். இருவரும் சம பலம். எவ்வளவு அடித்தாலும் எதுவும் தீரவில்லை. மகன் சண்டையை விட்டுவிட்டு அப்பாவிடம் பேச வருகிறான். தொடர் முழுக்க அவன் காதில் மாட்டியிருந்த பழைய வாக்மேன் மாதிரிக் கருவி உண்மையில் அப்பாவுடையது. அதை அவரிடமே நீட்டுகிறான்.

அப்போதுதான் அப்பா வாய் திறக்கிறார். சின்ன வயதில் தானும் காதை அடைத்துக்கொண்டு உலகத்திடமிருந்து ஒளிந்தவர்தான், மனைவி ஒருத்தியிடம் மட்டுமே மனதைத் திறந்தவர்தான் என்கிறார். அவளை மறுபடி பார்க்கத்தான் இத்தனை பேரைப் பலி கொடுக்கத் துணிந்தார். மகன் பக்கம் போகப் பயந்து விலகியே இருந்தவர், கடைசியில் அவனைக் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்கிறார்.

களியக்காவிளை, மார்த்தாண்டம், அந்தப் பக்கம் நெய்யாற்றின்கரை வரைக்கும் அப்பா வளைகுடாவில் இருக்கும் வீடுகள் எத்தனையோ. அங்கே எந்த அப்பாவும் கெண்டோ இல்லை. பிள்ளைக்காகத்தான் அவர் பாலைவன வெயிலில் நிற்கிறார். ஆனாலும் ராத்திரி வீடியோ காலில், “படிக்கியா மக்களே? மார்க்கு எவ்வளவு?” என்ற இரண்டு கேள்வி முடிந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. பையன் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு இயர்போனை மாட்டிக்கொள்கிறான். அந்தப் பக்கம் அறையில் அப்பாவும் அதையேதான் செய்கிறார்.

இந்தத் தொடரில் ரத்தமும் வன்முறையும் பெரியவர்களுக்கான காட்சிகளும் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். பத்தாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைகளோடு பெரியவர் ஒருவரும் உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

நான்கு சினிமாக்களும் சேர்ந்து எட்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அப்பா ஊருக்கு வரும் ஒரு மாத லீவில் நான்கு ராத்திரி ஒதுக்கினால் போதும். லீவு தள்ளிப்போகிறதா? இன்றைக்கு ராத்திரி வீடியோ காலில் மார்க்கைக் கேட்பதற்கு முன்னால், “இப்போ என்ன படம் பாக்கிய மக்களே, கதையைச் சொல்லு கேட்போம்” என்று கேட்கலாம். பையன் முதலில் நம்ப மாட்டான். சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தவும் மாட்டான்.