தாளத்தை அளப்பது யார்?

பழங்குடிப் பாடல்களைச் சாம்ப்ளர் கருவியில் ஏற்றுவதே தவறு என்னும் கருத்து நம் துறைகளில் அவ்வப்போது எழுகிறது. அதில் எனக்கு உடன்பாடு இல்லை. 2020இல் வெளிவந்த 'அய்யப்பனும் கோஷியும்' திரைப்படத்தில், ஜேக்ஸ் பிஜாய் இசையில், நஞ்சியம்மா தாமே இயற்றிப் பாடிய பாட்டு அட்டப்பாடி இருளரின் மொழியைப் பாலக்காட்டுக் கணவாயின் இருபுறமும் கொண்டுசேர்த்தது. நம் ஆய்வேடுகள் எவையும் அதைச் செய்யவில்லை. ஆகவே கருவி வேண்டுமா வேண்டாமா என்பது என் வினா அன்று. பாட்டும் கருவியும் சேரும்போது காலத்தை அளப்பது யார் என்பதே என் வினா.

2022இல் அவருக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டபோது, முறையான பயிற்சி இல்லாதவருக்கு அது தகுமா என்றொரு வாதம் எழுந்தது. பலர் அதை மறுத்தார்கள். ஆனால் சுருதிக்கும் தாளத்துக்கும் வெளியே ஓர் அளவுகோல் இருக்கிறது, பாடுபவர்தாம் அதற்குள் வந்து நிற்க வேண்டும் என்ற எண்ணம் அந்த வாதத்தோடு மறைந்துவிடவில்லை. சாம்ப்ளரின் இரண்டு அமைப்புகளை நாம் கையாளும் முறையில் அது இன்றும் இருக்கிறது.

முதலாவது மாதிரியெடுப்பு வீதம், அதாவது ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து எண்ணாக்குகிறோம் என்பது. ஒலி ஆவணக் காப்பகங்களுக்கான பன்னாட்டு வழிகாட்டு நெறி குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ் கேட்கிறது. எலெக்ட்ரானின் ஆக்டாட்ராக் 44.1இல் இயங்குகிறது, ரோலண்டின் எஸ்பி-404 எம்கே2 48இல் இயங்குகிறது. 48இல் பதிந்த கோப்பை வீதம் மாற்றாமல் அப்படியே 44.1இல் ஓட்டினால் ஒரு நிமிடப் பாட்டு 65 நொடிக்கு நீளும். சுருதியும் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் தாழும். கேட்டு இரசிப்பவருக்கு இது ஒரு பொருட்டாக இராது. மொழியியலாருக்கு இருக்க வேண்டும். இருள மொழியின் தனித்தன்மைகளுள் ஒன்று அதன் நடு உயிர்கள். கமில் சுவலபில் 1970களில் வெளியிட்ட இருள மொழி ஆய்வுகளைப் படித்தோர் இதனை அறிவர். முன்னுயிரா, நடு உயிரா, பின்னுயிரா என்று பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் இரண்டாம் ஃபார்மன்ட். 1500 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டியது, வீதம் பிழைத்தால் 1378இல் நிற்கும். மனிதக் காது இதை ஓரளவு சரிக்கட்டிக்கொள்ளும், பிராட் மென்பொருள் சரிக்கட்டாது. களப்பதிவிலிருந்து மேடைவரை வீதம் ஒன்றாகவே பூட்டப்பட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

இரண்டாவது, கடிகாரத் துடிப்புடன் இணைத்த எதிரொலி. நிமிடத்துக்கு 100 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு 600 மில்லிநொடி. எதிரொலி அந்த இடைவெளியில் திரும்பி வரும். 1983இல் வந்த மிடி நெறிமுறை ஒரு தட்டை 24 துடிப்புகளாகப் பகுக்கிறது. கருவிகள் அத்துடிப்பைப் பிடித்துக்கொண்டு இணைந்து ஓடுகின்றன. இருளர் ஆட்டத்திலோ பொறையும் தவிலும் ஆடுவோரின் கால்களைப் பார்த்தே வேகம் கொள்கின்றன. ஆட்டம் சூடேறுகையில் 100 என்பது 110 ஆகிவிடும். கருவியின் கடிகாரம் 100இலேயே நின்றால் முதல் எதிரொலி 55 மில்லிநொடி பிந்தும், இரண்டாவது 109, மூன்றாவது 164. ஒரு குறிலின் நீளமே ஏறத்தாழ இந்த அளவுக்குள் அடங்கிவிடும். அடுத்த தட்டின் குறில் முடியும் இடத்தில் முந்தைய அசையின் எதிரொலி வந்து ஒட்ட, குறில் நெடில் எல்லை மங்குகிறது.

பிறகு நடப்பது நமக்குத் தெரிந்ததே. கடிகாரத்தைத் திருத்துவதில்லை, பாட்டைத் துண்டு துண்டாக வெட்டி 100க்குள் அடுக்குகிறார்கள். நாளை ஊர்ப்பிள்ளைகள் கைபேசியில் கேட்டுக் கற்கப்போவது அந்த அடுக்கிய பாட்டைத்தான்.

தொல்காப்பியம் மாத்திரைக்கு அளவாகச் சொன்னது கண்ணிமைப்பையும் கைந்நொடிப்பையும். உடலே அங்கே கடிகாரம். இன்றைய கருவியிலும் இதற்கு வழி இருக்கிறது. பல சாம்ப்ளர்கள் வெளியிலிருந்து வரும் துடிப்பை ஏற்கின்றன. பொறையின் உடலில் ஒரு தொடு ஒலிவாங்கியை ஒட்டி, விழும் அடியைத் துடிப்பாக மாற்றி அனுப்பினால், அடிப்பவரே தலைமைக் கடிகாரம் ஆகிவிடுவார்.

பூட்டிய வீதத்தின் முழுப்பயன் இங்கேதான் தெரியவருகிறது. பழைய நாடா எதிரொலிக் கருவிகளில் வேகத்தைத் திருகினால் திரும்பி வரும் குரலின் சுருதியும் சேர்ந்து வழுக்கும். வாசிப்பு வேகத்தைக் கூட்டிக் குறைத்து எதிரொலியின் நீளத்தை மாற்றும் எண்முறைக் கருவிகளும் அவ்வாறே. பொறை வேகமெடுக்கும் ஒவ்வொரு முறையும் பாடுபவரின் குரல் இழுபடும். வீதத்தைப் பூட்டிவிட்டால், நினைவகத்தில் எவ்வளவு பின்னே சென்று படிப்பது என்பது மட்டுமே மாறும். குரல் தன் சுருதியிலேயே திரும்பும். வேகம் மாறும் இடத்தில் ஒரு சிறு தாவல் கேட்கலாம். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

நிலையான கடிகாரம் இல்லாவிட்டால் உடன் வாசிப்போர் தடுமாறுவார்கள் என்பார்கள். தடுமாறட்டுமே! பொறையைக் கேட்டு வாசிக்கப் பழகுவது அவர்கள் பொறுப்பு. நூறாண்டுப் பழக்கமுள்ள ஆட்டம் அவர்களுக்காக நடையை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. இடுக்கியில் மன்னான் கூத்து கோவலன் கண்ணகி கதையைச் சொல்கிறது. கதை சொல்பவரின் மூச்சுக்கேற்ப நடை மாறும் அத்தகைய நிகழ்த்துகலைக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

துறைக் கருத்தரங்குகளில் இத்தகைய மறுகலவை ஒலிக்கப்படும்போது, பதிவு வீதம் எது, துடிப்பு எங்கிருந்து வந்தது என்ற இரண்டையும் நம் மாணவர்கள் கேட்க வேண்டும். ஆவணக் குறிப்பில் இரண்டுக்கும் தனித்தனி இடம் வேண்டும். துடிப்பைத் தந்தவர் பொறை அடித்தவர் என்றால், கலைஞர் பட்டியலில் பாடியவரின் பெயருக்கு அடுத்து அவர் பெயர் வர வேண்டும்.