வீடு தேடி வரும் கடன் அட்டை

ஆவணி மாதக் கடைசியில் திருவாடானைப் பக்கம் ஒரு கிராமத்துக்கு, நேரடி நெல் விதைப்பு பற்றிப் பேசப் போயிருந்தேன். விதை நேர்த்தியைப் பற்றிச் சொல்லி முடித்ததும் ஒரு விவசாயி சட்டைப் பையிலிருந்து மடித்த கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். "ஐயா, கிசான் கார்டு தர்றதா லெட்டர் வந்திருக்கு. ஒண்ணரை லட்சமாம். கையெழுத்துப் போடலாங்களா?" என்று கேட்டார்.

வாங்கிப் படித்தேன். அது கிசான் கார்டு அல்ல. ஒரு வங்கி அனுப்பியிருந்த சாதாரண கிரெடிட் கார்டு அழைப்பு. "தாங்கள் முன்கூட்டியே தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள்" என்று முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. வட்டி விவரம் பின்பக்கத்தில், மூக்குக் கண்ணாடி போட்டும் எனக்குச் சரியாகத் தெரியாத பொடி எழுத்தில் இருந்தது.

இரண்டையும் தமிழில் கடன் அட்டை என்றே சொல்கிறோம். ஆகவே அவர் குழம்பியதில் வியப்பில்லை. கடிதமாகவும், கைப்பேசியில் குறுஞ்செய்தியாகவும், மதிய நேரத்தில் தொலைபேசி அழைப்பாகவும் இத்தகைய அழைப்புகள் இப்போது நம் மாவட்டத்துக் கிராமங்களுக்கும் வருகின்றன. இவற்றுக்குப் பதில் கொடுக்கலாமா என்று பலரும் கேட்பதால் என் கருத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில், இவர்களுக்கு உங்கள் பெயர் எப்படிக் கிடைத்தது? நீங்கள் நகைக் கடனோ, டிராக்டர் கடனோ, மோட்டார் சைக்கிள் கடனோ வாங்கியிருந்தால், அதன் தவணை விவரங்களை வங்கி கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்புகிறது. சிபில் என்று நாம் கேள்விப்படுவது அவற்றுள் ஒன்று. ஒழுங்காகக் கட்டியவர்களின் பெயர்கள் அங்கிருந்து பொறுக்கி எடுக்கப்படுகின்றன. உங்கள் கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா, நிலம் உவரா என்பதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. "தேர்வு" என்று எழுதியிருந்தாலும் அது முடிவான அனுமதி அல்ல. நீங்கள் விண்ணப்பம் போட்ட பிறகுதான் வருமானச் சான்று கேட்பார்கள், மறுக்கவும் செய்யலாம். ஆனால் நீங்கள் விண்ணப்பித்த விவரம் உங்கள் கடன் அறிக்கையில் பதிந்துவிடும். நாலைந்து இடங்களில் அடுத்தடுத்து விண்ணப்பித்தால், பணத்துக்கு அலைகிறவர் என்ற எண்ணம் ஏற்பட்டு மதிப்பெண் குறையக்கூடும்.

இனி வட்டிக்கு வருவோம். இத்தகைய அட்டைகளில் மாதத்துக்கு நூற்றுக்கு 3 ரூபாய் முதல் மூன்றே முக்கால் ரூபாய் வரை வட்டி போடுவது வழக்கம். அந்த வட்டியின் மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. வரி வேறு. புரட்டாசியில் உரத்துக்கும் உழவுக்கும் களையெடுப்புக்குமாக அட்டையில் 40,000 ரூபாய் செலவழித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றரை வட்டி என்றால் மாதத்துக்கு 1,400 ரூபாய், வரி 252, ஆக 1,652 ரூபாய். நம் பக்கம் நெல் வீட்டுக்கு வருவது தை, மாசியில். விற்றுப் பணம் கைக்கு வர 6 மாதம் என்று கொண்டால், சுமார் 9,900 ரூபாய் வட்டிக்கே போகும். தவணை தவறினால் அபராதம் தனி.

இதே 40,000 ரூபாயை உழவர் கடன் அட்டையில் வாங்கினால் ஆண்டுக்கு 7 சதவிகித வட்டி. ஆறு மாதத்துக்கு 1,400 ரூபாய். அதாவது அந்த அட்டையில் வரி சேராமல் ஒரு மாதத்துக்கு ஆகும் வட்டி, இங்கே ஆறு மாதத்துக்கு. குறித்த காலத்தில் திருப்பிக் கட்டினால் 3 சதவிகிதம் சலுகை உண்டு. அப்போது 800 ரூபாய்தான். பயிர்க் கடனில் 3 லட்சம் ரூபாய் வரை இந்த வட்டிச் சலுகை கிடைக்கிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க் கடன் வாங்கித் தவணைக்குள் கட்டுவோருக்கு வட்டியே இல்லை. அதை மாநில அரசு ஏற்றுக்கொள்கிறது.

"மாசா மாசம் குறைஞ்ச தொகை கட்டினாப் போதும்னு போன்ல சொன்னாங்களே" என்றார் அந்த விவசாயி. இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். குறைந்தபட்சத் தொகை என்பது பெரும்பாலும் நிலுவையில் நூற்றுக்கு ஐந்து. 40,000 ரூபாய்க்கு 2,000 ரூபாய். அதில் 1,652 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போக, அசலில் கழிவது 348 ரூபாய். மேலும், ஒரு மாதம் பாக்கி வைத்துவிட்டால் அடுத்து வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் என்பதும் கிடையாது. நான் பணியில் சேர்ந்த புதிதில் இப்படி ஓர் அட்டையில் பிரிட்ஜ் ஒன்று வாங்கிவிட்டு, குறைந்த தொகை மட்டும் கட்டி ஒன்றே கால் வருடம் அல்லாடியிருக்கிறேன். மாதா மாதம் முதல் தேதி சம்பளம் வாங்கியவன் நான்!

நம் விவசாயிக்குப் பணம் வருவது ஆண்டுக்கு ஒரு முறை. நெல் தை, மாசியில். குண்டு மிளகாய் என்றால் தையில் பழம் எடுக்கத் தொடங்கிச் சித்திரை, வைகாசி வரை. (2023-இல் நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, அதனால் பழம் முன்கூட்டிப் பழுத்துவிடப் போவதில்லை.) மழை பொய்த்தால் கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் பிழைப்பு. ஆனால் அட்டையின் பில் ஐப்பசியிலும் வரும், கார்த்திகையிலும் வரும். கடலோரத்திலும் இதே நிலைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தடைக்காலத்தில் ராமேசுவரம், மண்டபம் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, பில் நிற்காது. 2018-19 முதல் மீனவர்களுக்கும் கால்நடை வளர்ப்போருக்கும் உழவர் கடன் அட்டை உண்டு என்பது அங்கே இன்னும் பலருக்குத் தெரியவில்லை.

1998-இல் வந்த உழவர் கடன் அட்டைத் திட்டத்தில், அறுவடையும் விற்பனையும் முடியும் காலத்தை ஒட்டித் தவணை வைக்கிறார்கள். வட்டிக் குறைவைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். வெள்ளத்திலோ வறட்சியிலோ பயிர் அழிந்து, அரசு பேரிடர் என்று அறிவித்தால் பயிர்க் கடனுக்குத் தவணை மாற்றித் தர விதிமுறை இருக்கிறது. கிரெடிட் கார்டில் வாங்கிய உரத்தைப் பயிர்க் கடன் என்று யாரும் எழுதிக்கொள்வதில்லை. 2021-இல் தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க் கடன் தள்ளுபடி ஆனபோதும் இந்த மாதிரிக் கடனுக்கு அதில் இடமில்லை. தள்ளுபடியை நம்பிக் கடன் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. அது வேறு விஷயம்.

அட்டை வட்டிக்கு மேல்வரம்பு இருக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். ஆண்டுக்கு 30 சதவிகிதத்துக்கு மேல் வாங்குவது முறையற்றது என்று 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னது உண்மைதான். அந்தத் தீர்ப்பை 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

அப்படியானால் ஏன் நம்மவர்கள் அந்தக் கடிதத்தைப் பார்த்து மயங்குகிறார்கள்? கூட்டுறவுச் சங்கத்துக்கும் வங்கிக்கும் நடையாய் நடந்து அலுத்துப் போனவர்கள் அவர்கள். சிட்டா கொண்டு வா, சாகுபடிச் சான்று கொண்டு வா, மேலாளர் லீவு, நாளைக்கு வா என்று கேட்டுக் கேட்டு, வாசலில் வந்து நிற்கும் கடனைப் பார்த்தால் மனம் போகத்தான் செய்யும். விதைப்புக்கு வர வேண்டிய பணம் இரண்டாம் களையெடுப்புக்கு வந்து என்ன பயன்? கடன் கொடுக்கும் அதிகாரிகள் இதை யோசிக்க வேண்டும். விவசாயிகள் தம் பங்குக்கு, மழை மேகத்தைப் பார்த்த பிறகு ஓடாமல், ஆனி, ஆடியிலேயே பட்டா, சிட்டா, ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் சான்று ஆகியவற்றோடு விண்ணப்பித்துவிடுவது நல்லது. 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரை பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. குத்தகைக்கு உழுபவரும் விண்ணப்பிக்கலாம்.

கிரெடிட் கார்டே ஆகாது என்பதல்ல என் வாதம். வீட்டில் மாதச் சம்பளக்காரர் ஒருவர் இருந்து, முழுப் பில்லையும் கெடு தேதிக்குள் கட்டிவிட முடியுமானால் சுமார் 45 நாள் வட்டியில்லாமல் கிடைக்கும். அதற்கும் ஒரே அட்டை போதும். அதில் ரொக்கமாகப் பணம் எடுக்கவே கூடாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், கட்டணமும் உண்டு. கமிஷனுக்கு அட்டையைத் தேய்த்துப் பணம் தருகிறவர்களிடமும் போக வேண்டாம்.

கேட்காமலே அட்டை தபாலில் வந்துவிட்டால் பயப்படத் தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதிப்படி, உங்கள் சம்மதம் இல்லாமல் அட்டை அனுப்பிக் கட்டணம் போட்டால், அதை ரத்து செய்வதோடு அதைப்போல் இரு மடங்கு அபராதமும் அவர்கள் உங்களுக்குத் தர வேண்டும். ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். எண் சொன்னால் அதுவே சம்மதம் ஆகிவிடும். கேட்பவர் மோசடிக்காரராக இருந்தால் கணக்கில் உள்ளதும் போகும். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் பேச வேண்டும். விளம்பர அழைப்பே வேண்டாம் என்றால் 1909-க்குப் பேசிப் பதிவு செய்யலாம்.

திருவாடானை விவசாயி அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. சங்கத்தில் விண்ணப்பித்தார். பணம் வரத் தாமதமானதால், மனைவியின் சங்கிலியை அதே சங்கத்தில் அடகு வைத்து விதைப்பை முடித்தார். பயிர்க் கடன் ஐப்பசி இரண்டாம் வாரம் வந்தது. சங்கிலியை மீட்டுவிட்டதாகச் சொன்னார்.