அரை நூல் தூக்கல்



கோவையில் பந்தயக் கார் என்றால் இளவட்டங்களுக்கு நரேன் கார்த்திகேயன். 2005-இல் ஜோர்டான் அணிக்காகக் களமிறங்கி, ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனவர். தலை நரைத்தவர்களைக் கேட்டால் கரிவர்தனைச் சொல்வார்கள். மாருதி 800 எஞ்சினை வைத்து ‘ஃபார்முலா மாருதி’ காரை வடிவமைத்து, பந்தயச் செலவைக் குறைத்துக் காட்டியவர். 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்துப் பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான்.

ஓட்டியவர்களின் பெயர் நிலைத்துவிட்டது. கார்கள்? சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில், உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில், நம் வீட்டு வாசலில் நின்ற அதே ஃபியட்டும் அம்பாசிடரும் ஹெரால்டும் பம்பரைக் கழற்றிவிட்டுச் சீறின. பந்தயம் ஓடிய கார் முழுசாகத் தப்புவது அபூர்வம். எஞ்சின் ஒருவரிடம், கியர் பாக்ஸ் இன்னொருவரிடம், பாடி பழைய இரும்புக் கடையில். அமெரிக்காவில் சின்ன வட்டத் தடங்களில் முட்டிமோதி ஓடிய பழைய ஸ்டாக் கார்களுக்கும் இதே கதிதான். ஆனால் அங்கே 1:25, 1:24 அளவில் அவற்றைச் செய்து வைக்க ஒரு கூட்டம் உண்டு. கதவில் எழுதிய நம்பரின் சாய்வு வரைக்கும் விடமாட்டார்கள்.

இங்கே ஃபியட் 1100-ஐ அப்படிச் செய்வதென்றால் முதலில் வேண்டியது பக்கவாட்டில் எடுத்த ஒரு நல்ல போட்டோ. அந்தக் காரின் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் 2,340 மில்லிமீட்டர். அந்த ஓர் அளவு போதும். போட்டோவில் மற்றதையெல்லாம் அதை வைத்தே கணக்குப் போடலாம். 24-இல் ஒரு பங்காக்கினால் அது 97.5 மில்லிமீட்டர். 14 அங்குல ரிம் 15 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதை அலுமினியத்தில் கடைந்து தர நம் ஊரில் லேத்துக்கா பஞ்சம்?

கோவை கணபதியில் ஃபவுண்டரிகளுக்கு மரத்தில் பேட்டர்ன் செய்து ஓய்ந்த ஒரு பெரியவரிடம் அப்படியொரு மாடலைக் காட்டினேன். கையில் எடுக்கக்கூட இல்லை. கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, “கூரை அரை நூல் தூக்கலா இருக்குதுங்க” என்றார். எட்டில் ஓர் அங்குலம் ஒரு நூல். இந்த அளவில் அரை நூல் பிசகினால் நிஜக் காரில் ஒன்றரை அங்குலம் உயரம் கூடிவிடும். இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று சுருங்கும் என்று கணக்குப் பண்ணி, ஆயுள் முழுக்க மரத்தைக் கூட்டிச் செதுக்கிய கண் அது. இந்தக் கலைக்கு வேண்டிய கைகள் எல்லாமே கொங்கு நாட்டில் இருக்கின்றன. வேலை கொடுக்கத்தான் ஆளில்லை.

வீட்டுப் பரணில் பழைய பிளாஸ்டிக் மாடல் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெயின்டை உரிக்க ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் பிரேக் ஆயில் போதும். கையுறை கட்டாயம், பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. எல்லா பிளாஸ்டிக்கும் அதைத் தாங்காது என்பதால் முதலில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். மஞ்சளித்த நம்பர் ஸ்டிக்கரை ஒட்டுமுன் ஜன்னல் கண்ணாடியில் வெயில் பார்த்தபடி சில நாள் ஒட்டி வைத்தால் வெளுத்துவிடும். நிஜக் காருக்கு அடிக்கும் மெட்டாலிக் பெயின்ட் மட்டும் வேண்டாம். அதன் மினுக்குத் துகள் இந்த அளவில் ஜல்லி கொட்டியது போலத் தெரியும்.

அவிநாசி சாலையில் 2015-இல் திறந்த ஜி.டி. கார் அருங்காட்சியகத்தில் பழைய கார்களைப் பளபளப்பாகப் பார்க்கலாம். பிள்ளைகளை அழைத்துப் போங்கள். ஆனால் சோழவரத்தில் அடிபட்டு, நசுங்கி, ஒட்டுப்போட்டு ஓடிய கார்களின் சாட்சி உங்கள் வீட்டு ஆல்பங்களில்தான் இருக்கிறது. அப்பாவோ மாமாவோ மெக்கானிக்காக, ஓட்டுநராக, வேடிக்கை பார்க்கப் போனவராக இருந்திருக்கலாம். கார் பக்கவாட்டில் தெரியும் படம் ஒன்று கிடைத்தாலும் பிரதி எடுத்து அனுப்புங்கள். பின்னால் என்ன நிறம், என்ன நம்பர், எந்த வருடம் என்று எழுதுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது. நினைவிருப்பவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்