நம்பிக்கை யாருக்கு உபதேசம்?

"மனம் தளராதீர்! நம்பிக்கை கொள்வீர்! நற்காலம் பிறக்கும்!" யட்டியாந்தோட்டைக்கு வருகின்ற கனவான்கள் தோட்டத் தொழிலாளிக்கு இவ்வாறு உபதேசம் செய்துவிட்டுக் காரேறிச் செல்கின்றனர். மாலை விழுகின்றது, கைதட்டலும் எழுகின்றது. வேடிக்கையிலும் வேடிக்கை! நம்பிக்கை இல்லாதவனுக்கன்றோ அதனைப் போதித்தல் வேண்டும்?

இறப்பர் மலையிலே பால் வெட்டுகின்றவனைப் பாருங்கள். விடியுமுன் எழுந்து வானத்தை அண்ணாந்து நோக்குகின்றான். மழைக்காப்புக் கட்டாத மரம் நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் அன்றைய பேரும் இல்லை. மழை மிகுந்த இம்மலைகளிலே வானத்தை நம்பிக் கத்தியைத் தீட்டுகின்றவனுக்கா நம்பிக்கைப் பாடம்?

சரித்திரத்தைப் புரட்டுவோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கிற்று. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் பறிபோயிற்று. பிரஜாவுரிமை வேண்டுமாயின், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாது இங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டுமென்றது 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் சட்டம். லயத்துக் கூரையின்கீழ் வாழ்ந்தவனுக்குச் சான்று எழுதிவைத்தவர் யார்? ஆயினும் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. உரிமை கிடைத்ததோ, ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கே!

1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் கூடினர். இந்தியாவுக்கு 5,25,000 பேர். இலங்கைக்கு 3,00,000 பேர். எஞ்சிய 1,50,000 பேர் பிறகு! (கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு துணிவு வந்ததில்லை.) பங்கிடப்பட்டவர்களை ஒருவரும் கேட்டாரில்லை. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு உரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல். ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

அத்தனை ஆண்டுகளும் அவர்கள் கைகட்டியா காத்திருந்தனர்? விண்ணப்பம் எழுதினர். 1952இல் கொழும்பிலே சத்தியாக்கிரகம் இருந்தனர். அரை வயிற்றுக் கூலியிலும் சங்கத்துக்குச் சந்தா செலுத்தினர். அவர்கள் அறிந்த நம்பிக்கை இதுவே. கனவான்கள் விற்கும் நம்பிக்கையோ வேறு சரக்கு: கேளாதே, வாயைத் திறவாதே என்பதற்கு அவர்கள் சூட்டிய செல்லப்பெயர் அது!

இன்றும் லயத்து முன்றிலிலே ஒரு தாய் பலாக்கன்று நடுகின்றாள். அது காய்க்க ஆண்டுகள் பல செல்லும். நிலம் அவளுடையதன்று, குடியிருக்கும் அறையும் அவளுடையதன்று. 2016 மே மாதப் பெருமழையில் இதே கேகாலை மாவட்டத்தின் புளத்கோஹுபிட்டியவில் தோட்ட லயத்தின்மேல் மலை சரிந்து உயிர்களைப் புதைத்தது. அச்செய்தியை அறிந்த பின்னரும் அவள் நடுகின்றாள். ஏழு பேர்ச் காணியும் உறுதியும் தருவோம் என்று எத்தனை மேடைகள் முழங்கின! முழக்கம் அவள் காதில் இருக்கின்றது, உறுதி எங்கே?

அடுத்த முறை வருகின்ற கனவான் உபதேசத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, உறுதிப் பத்திரத்தை எடுத்து வரட்டும். கன்று நிற்பது யாருடைய எல்லைக்குள் என்பதை அவளுக்கு அளந்து காட்டட்டும்!