கிணறு வெட்ட எண்ணெய் புறப்பட்ட கதை

எங்கள் திருவண்ணாமலைப் பக்கம் எண்ணெய் என்றால் கடலை எண்ணெய்தான். மல்லாட்டையைச் செக்கில் ஆட்டினால் எண்ணெய் நமக்கு, பிண்ணாக்கு மாட்டுக்கு. விஷயம் முடிந்தது. பூமிக்கு அடியிலிருந்து வருகிற எண்ணெய் அப்படி இல்லை ஸார். அது ஊரையே செக்கில் போட்டு ஆட்டிவிடும்.

"இதை வச்செல்லாமா நாவல் எழுதுவாங்க?" என்று கேட்கிறான் என் நண்பன்.

எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் அப்டன் சிங்கிளேர் 1927-லேயே 'ஆயில்!' என்று ஆச்சரியக்குறியோடு ஒரு நாவல் எழுதினார். கலிஃபோர்னியா எண்ணெய் முதலாளி, அவர் மகன், வேலைநிறுத்தம், அரசியல்வாதிகளுக்குப் போகும் பணம் எல்லாம் அதில் உண்டு. பாஸ்டன் நகரில் தடை போட்டார்கள். லஞ்சத்தைப் பற்றி எழுதியதற்காக அல்ல, ஆபாசமாம்! மனுஷன் சளைக்கவில்லை. ஆட்சேபித்த பக்கங்களை அத்தி இலைப் படத்தால் மறைத்துத் தெருவில் நின்று விற்றார்.

அரபு எழுத்தாளர் அப்துல் ரஹ்மான் முனிஃப் பெட்ரோலியப் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1963-ல் சவூதி குடியுரிமையைப் பறிகொடுத்தவர். அவருடைய 'உப்பு நகரங்கள்' நாவல் 1984-ல் வந்தது. ஒரு பாலைவனச் சோலைக்கு அமெரிக்கர்கள் வருகிறார்கள். இயந்திரங்கள் மரங்களை வேரோடு சாய்க்கின்றன. எதிர்த்தவன் ஒட்டகம் ஏறி மறைந்து போகிறான். மற்றவர்கள் கம்பெனிக்கே கூலிகள். சவூதியில் இந்தப் புத்தகத்துக்கும் தடை.

இதைப் பற்றி 1992-ல் எழுதிய அமிதாவ் கோஷ் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். மிளகு, லவங்க வியாபாரம் இலக்கியத்துக்கு எவ்வளவோ கொடுத்தது. எண்ணெய் ஏன் கொடுக்கவில்லை?

"நம்ம ஊர்ல எண்ணெய் ஏதுடா?" என்பான் நண்பன். ஏன் இல்லை? காவிரிப் படுகையில் ஓ.என்.ஜி.சி. பல ஆண்டுகளாகத் தோண்டுகிறது. நாகப்பட்டினம் அருகே 1993-ல் சுத்திகரிப்பு ஆலையே வந்தது.

தஞ்சை மாவட்டத்தில் கதிராமங்கலம் இருக்கிறது. கம்பர் வீட்டுக் கூரையை நெற்கதிரால் வேய்ந்தார்களாம், அதனால் வந்த பெயர் என்பார்கள். அந்த ஊரில் 2017 ஜூன் 30-ல் எண்ணெய்க் குழாய் கசிந்தது. மக்கள் திரண்டார்கள். தீ, தடியடி, கைது. அதே ஆண்டு புதுக்கோட்டை நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் பெண்களும் பிள்ளைகளும் நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. புதுக் கிணறுகளுக்குத் தடை. ஏற்கெனவே ஓடுகிற கிணறுகளை அது தொடவில்லை.

பி.காம். படித்தவன் புத்தி கணக்கில்தான் போகிறது. எடுத்த எண்ணெய்க்குப் பீப்பாய்க் கணக்கு உண்டு. அரசுக்கு வருகிற ராயல்டிக்குக் கணக்கு உண்டு. ஆனால் அண்ணன் கம்பெனியில் வாட்ச்மேன், தம்பி மறியலில் முதல் ஆள் என்று ஒரு வீடு இருந்தால், ஒரே திண்ணையில் அவர்கள் பேசாமல் சாப்பிடுகிறதை எந்தத் தலைப்பில் பற்று எழுதுவது? ஆடிட்டர் கேட்க மாட்டார். நாவலாசிரியர்தான் கேட்க வேண்டும்.

பெட்ரோலே வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை; வாசலில் பைக் நிற்கிறது. ஆனால் டாங்க்கில் விழுகிற எண்ணெய்க்கு ஓர் ஊர் உண்டு, அந்த ஊருக்கு ஒரு கதை உண்டு என்று தெரிந்துகொண்டு ஓட்டலாம். எழுதப்படாத ஊர், நாளிதழில் இரண்டு பத்திச் செய்தியாக வந்து மறுநாள் பஜ்ஜி மடிக்கப் போய்விடும்.

டெல்டாக்காரர்களே, யாராவது எழுதுங்கள். முதல் பிரதி நான் காசு கொடுத்து வாங்குகிறேன். ஓசி கேட்க மாட்டேன்.