ஓய்வுநேரக் கைவேலை: தூண்டிற்கோலுக்கு வளையம் தேர்தல்

தேவிகுளம் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து நமது இதழின் அன்பர் ஒருவர் எழுதிய கடிதம் சென்ற மாதக் கடைசியில் என் கைக்குக் கிடைத்தது. தம் கையாலேயே ஒரு தூண்டிற்கோல் கட்ட விரும்பி, ஏழடி நீளமுள்ள கார்பன் கோல் ஒன்றும் 2500 எண்ணுள்ள ரீல் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறாராம். கோலின் மீது நரம்பு ஓடுவதற்கென்று கட்டப்படும் வளையங்களை, கடைக்காரர்கள் ‘கைடு’ என்று வழங்குபவற்றை, எந்த அளவில் வாங்குவது என்பதே அவருடைய ஐயம். “எல்லாமே பெரியனவாக இருந்தால் நரம்பு தாராளமாக ஓடும், தூரமும் போகும் என்று கடைக்காரர் கூறுகிறார். விலையோ அதிகம். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த பணம் இது. ஒருமுறைதான் வாங்க இயலும்” என்று முடித்திருக்கிறார்.

அக்கடைசி வரியைப் படித்தபோது எனக்குச் சற்று வெட்கமாயிருந்தது. நான் மூன்று முறை வாங்கியவன்.

என் தந்தையார் ரயில்வேயில் கேங்மேனாக உழைத்து ஓய்வு பெற்றவர். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பாலக்காட்டுக்கு வந்த நாள் முதலாக, ஓய்வு கிடைத்த ஞாயிறுதோறும் பன்னிரண்டடி மூங்கிற்கழியும் மண்புழு டப்பாவுமாகப் புறப்பட்டுவிடுவார். கழியின் நுனியிலேயே நரம்பைக் கட்டி வீசும் கோல் அது. அதற்கு ரீலும் கிடையாது, வளையமும் கிடையாது. சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய வலத்தோள் இறுகிப்போய், அக்கழியைத் தூக்க இயலாமற் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் திண்ணையில் வெறுமனே அமர்ந்திருப்பதைக் காணப் பொறுக்காமல், இலேசான ஏழடிக் கோல் ஒன்றை நானே கட்டித் தருவதென்று முடிவு செய்தேன். கடையில் எனக்கும் அதே உபதேசம் கிடைத்தது. அடி முதல் நுனி வரை பெரிய பெரிய வளையங்களாகவே கட்டினேன். பார்வைக்கு வெகு கம்பீரமாக இருந்தது. தந்தையார் நான்கு முறை வீசிப் பார்த்துவிட்டுக் கோலை என்னிடமே திருப்பித் தந்தார். “இதற்குத் தலைக்கனம் அதிகம், கண்ணு” என்றார்.

அவர் கூறியது வேடிக்கைப் பேச்சன்று. ஏழடிக் கோலின் நுனியில் ஏறும் ஒரு கிராம் எடை, பிடியருகே ஏறும் பல கிராமைக் காட்டிலும் மணிக்கட்டை வருத்தும். நெம்புகோலின் தத்துவம் அது. அன்றியும், நுனி கனத்த கோல் வீசிய பின்னும் உடனே அசைவு நிற்காமல் துடித்துக்கொண்டிருக்கும். அத்துடிப்பு, ஓடும் நரம்பைத் தட்டித் தட்டி வேகத்தைக் குறைக்கும். தூரத்துக்காகப் பெரிய வளையம் கட்டி, அதனாலேயே தூரத்தை இழந்தேன்.

இதைக் கண்டு பதறி, இரண்டாம் முறை எல்லாவற்றையும் மிகச் சிறியனவாகக் கட்டினேன். கோல் இறகு போலிருந்தது. ஆனால் நரம்பு ரீலைவிட்டு வெளிப்பட்டதும் முதல் வளையத்தில் மோதிச் சரசரவென்று உரசிற்று. காரணம் விளங்காமல் நான் விழித்துக்கொண்டிருந்தபோது, கோயமுத்தூர்ப் பஞ்சாலையில் வைண்டிங் பகுதியில் நெடுங்காலம் வேலை பார்த்த என் மாமா வீட்டுக்கு வந்திருந்தார். தூண்டிலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. எனினும் நரம்பு ஓடுவதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “பாபினின் தலைப்பக்கமாக நூலை இழுத்தால் அது சுழன்று பலூன் போலக் குடையாக விரியும், மாப்பிள்ளை. அந்தக் குடை அடங்கும்படி கண்ணியை வைக்காவிட்டால் நூல் அறுந்துபோகும். உங்கள் ரீலும் அதே சங்கதிதான்” என்றார்.

அவர் சொன்னதில் ஒரு பொருத்தமும் உண்டு. சுருள் சுழலாமல் நிற்க, அதன் விளிம்பைத் தாண்டி நரம்பு கழன்றோடும் இவ்வகை ரீலுக்கு 1905ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் என்பவர் பிராட்ஃபோர்டு நகரின் கம்பளி ஆலை முதலாளி. ஆலையில் பாபினிலிருந்து நூல் கழல்வதைக் கண்டே அவருக்கு அந்த யோசனை உதித்தது என்பர். நம் கோவைத் தொழிலாளர் நாள்தோறும் காணும் காட்சிதான், கடலுக்கு அப்பால் ஒரு ரீலாயிற்று.

ஆகவே வளையங்களின் அளவை நிர்ணயிப்பது மீனின் பருமனும் அன்று, கோலின் அழகும் அன்று. ரீலுக்கு அருகிலுள்ள வளையத்தை ரீல் நிர்ணயிக்கிறது. நுனியிலுள்ளதை முடிச்சு நிர்ணயிக்கிறது. இடையிலுள்ள இரண்டொன்று, அகன்ற சுழலைப் படிப்படியாக ஒடுக்கி நேர்க்கோடாக்கும் வேலையைச் செய்கின்றன. சுழல் அடங்கிய பின்னர் நரம்பு நேராகச் செல்வதால், அதற்கு மேல் பெரிய வளையம் வெறும் சுமையே.

தேவிகுளம் அன்பரின் ஏழடிக் கோலுக்கும் 2500 ரீலுக்கும் என் கணக்கு இதுதான்: பிடியிலிருந்து முதலாவது 25, அடுத்தது 16, மூன்றாவது 10, பின்னர் நான்கும் 6, நுனி வளையமும் 6. ஆக ஏழும் ஒன்றும். முதல் மூன்றும் உயர்ந்த காலுடையனவாக இருத்தல் வேண்டும். ரீலின் சுருள் கோலுக்குக் கீழே தொங்குகிறதல்லவா, வளையமும் அவ்வுயரத்தை எதிர்கொண்டு நிற்க வேண்டும். முதல் வளையம் சுருளின் முகப்பிலிருந்து சுமார் 18 முதல் 22 அங்குலத்துக்குள் அமையும். சிறு வளையங்கள் எங்கே தொடங்குவது என்பதை அறிய ஓர் எளிய வழியுண்டு. ரீலைக் கோலில் பொருத்தி, அதன் நடு அச்சின் போக்கிலேயே நேரான ஒரு குச்சியைப் பிடித்துப் பார்த்தால், அது சாய்வாக ஏறிச் சென்று ஓரிடத்தில் கோலைத் தொடும். ஏறத்தாழ அவ்விடத்தில் சுழல் அடங்கிவிட வேண்டும். நுனிப்பக்கம் இடைவெளி நெருக்கமாகவும், பிடியை நோக்கி வர வர அகலமாகவும் இருக்கட்டும். நுனிக்கு அடுத்தது 4 அங்குலத்தில் நிற்கலாம்.

வளையத்தின் மேல் குறிக்கப்படும் எண் மில்லிமீட்டர்க் கணக்கு. ஆனால் அது பெரும்பாலும் பீங்கான் வளையத்தின் வெளிவிட்டம். உள்ளே நரம்பு நுழையும் துளை அதனினும் சிறிது. இதை அறியாமல் நான் பட்ட நஷ்டத்தைக் கூறத்தான் வேண்டும். என் இரண்டாவது கோலின் நுனி வளையம் மிகக் குறுகியது. பின்னல் நரம்போடு தடித்த நைலான் நரம்பைச் சேர்த்துக் கட்டிய முடிச்சு, வீசும்போது எப்படியோ இடித்துக்கொண்டு வெளியேறிவிடும். ஒரு மாலை வாளையாற்றுக் கரையில் நல்ல மீன் ஒன்று மாட்டிற்று. கோல் இலேசாக இருந்ததால் தந்தையார் தாமே பிடித்துக்கொண்டார். கரையருகே இழுத்தாயிற்று, முடிச்சும் வளையங்களுக்குள் வந்துவிட்டது. கரையைக் கண்ட மீன் திரும்பிப் பாய்ந்ததும் முடிச்சு நுனி வளையத்தில் இறுகிற்று. அடுத்த நொடியில் நரம்பு அறுந்தது. தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. வீடு வரும் வரையில் ஒன்றும் சொல்லவில்லை.

எனவே வளையம் வாங்கச் செல்லும்போது, நீங்கள் வழக்கமாகக் கட்டும் முடிச்சை ஒரு முழ நரம்பில் கட்டிச் சட்டைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் நுனி வளையத்தில் அதை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். தடையின்றி ஓடினால் அதுவே உங்கள் அளவு. நுனி வளையத்துக்கு இன்னோர் அளவும் உண்டு. கோலின் முனை நுழையும் குழாயின் துளை அது. முனையின் விட்டத்தை அளந்து குறித்துச் செல்லாவிட்டால் இரண்டு நடை நடக்க நேரிடும்.

நரம்பின் குணத்தையும் கவனிக்க வேண்டும். தடித்த நைலான் விறைப்பானது. சுருளும் அகலமாக விரியும். அதனையே பயன்படுத்துவோர் முதல் வளையத்தை 30 ஆக்கி, அடுத்தவற்றையும் ஒரு படி உயர்த்திக்கொள்ளலாம். பின்னல் நரம்பு துவண்டு ஓடுவதால் சிறியது போதும். ஆனால் அது வெறுங் கம்பி வளையத்தை நாளடைவில் அறுத்துப் பள்ளமாக்கிவிடும். அலுமினியம் ஆக்ஸைடு அல்லது சிலிக்கன் கார்பைடு பதித்தவற்றையே வாங்குக. பழைய வளையத்தில் கீறல் உண்டா என்பதைக் கண்ணால் காண்பது கடினம். சிறிது பஞ்சை உள்ளே விட்டு இழுத்தால், கீறலிருக்கும் இடத்தில் இழை சிக்கிக்கொள்ளும்.

சுருளே சுழலும் வகை ரீலுக்கு இக்கணக்குப் பொருந்தாது. அதில் நரம்பு நேராகவே வெளிவருவதால், முதல் வளையம் 10 அல்லது 12 போதும். மூணாற்று மலையோடைகளில் வெள்ளைக்காரத் துரைமார் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீனுக்குப் பறக்கும் பூச்சித்தூண்டில் வீசும் கோலின் கதை வேறு. அதற்குப் பெரும்பாலும் வளைந்த கம்பிக் கண்ணிகளே. அவ்வோடைகளில் ஆகட்டும், அணைநீரில் ஆகட்டும், கோலோடு இறங்கும் முன் வனத்துறையாரையோ மீன்துறையாரையோ கேட்டு அனுமதி பெற்றுக்கொள்வது நலம். இரவிகுளம் 1978 முதல் தேசியப் பூங்கா என்பதை மறத்தலாகாது.

இவ்வளவு கணக்கிட்டும், உடனே நூல் சுற்றிப் பசை பூசிவிட வேண்டாம். வளையங்களை ஒட்டுநாடாவால் தற்காலிகமாக ஒட்டி, நரம்பைக் கோத்து, முனையில் சிறு பாரம் கட்டிக் கோலை வளைத்துப் பாருங்கள். நரம்பு கோலின் வளைவையே தழுவிச் செல்ல வேண்டும். எங்கேனும் வில்லின் நாண் போல விலகி நேராகக் குறுக்கே ஓடினால், அங்கே இரு வளையங்களை நெருக்குக. பின்னர் வெற்று மைதானத்தில் முள்ளில்லாமல் ஈயத்தை மட்டும் கட்டி வீசிக் காலடியால் அளந்துகொள்ளலாம். முதல் வளையத்தை ஓரங்குலம் முன்னும் பின்னும் நகர்த்தியதிலேயே எனக்கு ஏழெட்டுக் காலடி வேறுபட்டது.

அன்பர் கேட்ட விலைக்கணக்கும் இதில் அடங்கியிருக்கிறது. பெரியது ஒன்று, நடுத்தரம் இரண்டு. மற்றவை யாவும் சிறியவை. சிறியவை பொதுவாக மலிவானவை. கடைக்காரர் கூறிய தொகையில் கணிசமாக மிஞ்சும். முன்பே தவறாகக் கட்டியவர்களும் கலங்க வேண்டியதில்லை. பசையை இலேசாகச் சூடுகாட்டி இளக்கி, வளையத்தின் காலின் மேலுள்ள நூலை மட்டும் கத்தியால் சீவினால் வளையம் பழுதின்றிக் கழன்றுவரும். கத்தி கோலின் மேல் படலாகாது. என் மூன்றாவது கோலின் 25ம் 16ம் முதற்கோலிலிருந்து கழற்றியவையே.

அந்த மூன்றாவது கோல் இப்போது தந்தையாரிடம் இருக்கிறது. இடக்கையால் வீசப் பழகிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்ணை காலியாகிவிடுகிறது. திலேப்பியா, கெண்டை என்று ஏதேனும் சிறிது கொண்டுவருவார்; சில நாள் வெறுங்கையோடும் வருவார். வளையங்களைச் சுற்றி நான் கட்டிய சிவப்பு நூல்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. மீன் பார்த்துவிடும் என்கிறார்.